அதே நாள், ரெண்டு மேடை: பர்மிங்காம்ல காளை, பெரியமேட்ல பியானோ

புளியந்தோப்பு பாஸ்கர் · வெள்ளி இரவு 10.12

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குன்னு முடிவானதுலேர்ந்து நம்ம கடையில இதே பேச்சு. ஜெராக்ஸ் எடுக்க வர்ற பசங்க எல்லாம் தொடக்க விழாவுக்கு யாரு மியூசிக்னு பந்தயம் கட்டுறாங்க. அதுல ஒருத்தன் போன்ல பழைய வீடியோ ஒண்ணு காட்டினான். பாத்ததுலேர்ந்து மனசு அங்கயே நிக்குது.

2022 ஜூலை 28, வியாழக்கிழமை. நம்ம பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்கத்துல 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. சென்னைக்கு லோக்கல் லீவு விட்டாங்களே, அன்னைக்குத்தான். பிரதமர், முதல்வர் ரெண்டு பேரும் மேடையில. விக்னேஷ் சிவன் இயக்கம். கமல் குரல்ல தமிழர் வரலாறு, எட்டு செவ்வியல் நடனமும் ஒண்ணா, மணல் ஓவியம், லிடியன் நாதஸ்வரம்னு நம்ம ஊர்ப் பையன் கண்ணைக் கட்டிக்கிட்டு பியானோ. போட்டிச் சின்னமா வேட்டி கட்டின குதிரை 'தம்பி' வேற. நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லலை.

அதே நாள், நமக்கு நடுராத்திரி தாண்டி, பர்மிங்காம்ல காமன்வெல்த் தொடக்க விழா. மைதானத்துக்குள்ள பத்து மீட்டர் உயரத்துல ஒரு எந்திரக் காளை வருது. அதை இழுத்துட்டு வர்றது யாருன்னு பாத்தா, சங்கிலி அடிக்கிற பொம்பளைங்க. பக்கத்துல கிராட்லி ஹீத்னு ஒரு ஊராம். அங்க பட்டறைப் பொம்பளைங்க 1910ல கூலிக்காக பத்து வாரம் ஸ்ட்ரைக் பண்ணி ஜெயிச்சிருக்காங்க. உலகமே பாக்குற நேரத்துல அந்த ஊர்க்காரன் எடுத்துக் காட்டினது அந்தக் கதையை. ராஜாவும் கோட்டையும் பக்கத்துலயே வரலை.

என் வீட்டுலேர்ந்து நேரு ஸ்டேடியம் நடந்து போற தூரம். அதே வாசல்லேர்ந்து வேற பக்கம் நடந்தா பின்னி மில் இருந்த இடம். 1918 ஏப்ரல் 27ல சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர்ல ஆரம்பிச்சது அந்த மில் ஆளுங்களாலதான். வாடியா, திரு.வி.க. எல்லாம் நின்னு பேசின சங்கம், நாட்டுலயே முதல் தொழிற்சங்கம்னு சொல்றாங்க. நம்ம மேடையில அது ஏன் வரலை? வந்திருந்தா பாட்டு கானாவா இருந்திருக்குமா?

---

எருக்கஞ்சேரி எழில் · வெள்ளி இரவு 10.31

அண்ணா, கானா ஏறணும், கண்டிப்பா ஏறணும். 2016ல ரியோ ஒலிம்பிக்ஸ் தொடக்கம் நமக்கு காலைல நாலரைக்கு. வியாசர்பாடில எங்க ஃபுட்பால் டீம் மொத்தமும் ஒரே வீட்ல குந்திப் பாத்தோம். எங்க ஏரியாவை குட்டி பிரேசில்னு சொல்றாங்களே, அந்த கெத்துலதான் எழுந்ததே. மரக்கானா மைதானத்துல அந்த ஊர் குடிசை ஏரியா ஃபவேலா மாதிரியே பெட்டி பெட்டியா வீடு அடுக்கி, மாடி விட்டு மாடி தாவுறான். கீழ பசங்க 'பாசிஞ்யோ' ஆடுறாங்க. கால் மட்டும் பின்னுது, மேல உடம்பு ஆடவே இல்ல. நம்ம பசங்க சாவு ஊர்வலத்துல ஆடுற ஸ்டெப்பு ஒண்ணு அதுல அப்படியே இருந்துச்சு. என் ஃப்ரெண்டு ‘டேய் இது நம்ம ஸ்டெப்புடா’ன்னு கத்தினதுல ஹவுஸ் ஓனர் எழுந்து வந்துட்டாரு.

---

மந்தைவெளி ஸ்ரீராம் · வெள்ளி இரவு 11.05

பாஸ்கர் சார், நான் தெற்குப் பக்கத்து ஆள், அடிக்க வராதீங்க. எட்டு நடனம் ஒரே மேடையில வந்தப்ப எங்க பக்கம் எல்லாரும் பெருமைப்பட்டிருப்பாங்கன்னு நினைக்கறீங்க. எனக்கு வயித்தெரிச்சல்தான். கதகளிக்காரர் கண்ணால ஒரு பாவம் காட்டவே அஞ்சு நிமிஷம் எடுத்துப்பார். அவருக்கு அங்க கிடைச்சது அரை நிமிஷம், அதுவும் பக்கத்துல மணிப்புரி, பின்னாடி சத்ரியா. துணிக்கடை ஜன்னல்ல பொம்மைக்குப் புடவை சுத்தி நிறுத்தின மாதிரி. நாகஸ்வரத்தை எடுத்துக்கோங்க. ‘மங்கல இசை’ன்னு சொல்லி வாசல்லயே நிறுத்திடுவாங்க. விருந்தாளி உள்ள வந்ததும் அவர் தவிலோட ஓரமா போய் டீ குடிக்கணும்.

செவ்வியல் இசைக்கு இடம் கிடைச்சுது, உங்களுக்குக் கிடைக்கலைன்னு மட்டும் நினைக்காதீங்க. எங்களுக்குக் கிடைச்சது வால்பேப்பர் வேலை.

---

கொருக்குப்பேட்டை டேப்பு · வெள்ளி இரவு 11.48

இன்னா பாஸ்கர் நைனா, கேள்வி சோக்காத்தான் கீது. ஆனா ஏறுனா இன்னா ஆவும்னு ஏறுனவன் நான் சொல்றேன், கேளு.

கொஞ்ச வர்சம் முன்னாடி சிட்டில ஒரு பெரிய ஸ்போர்ட்ஸு. பேரு வோணாம். தொடக்க விழாவுக்கு மேளக்காரங்க அறுவது பேர் வோணும்னாங்கோ. எங்க ஏரியாலேர்ந்து பன்னண்டு பேர் போனோம். ரிகர்சல் அன்னிக்கு என் டேப்பை பையிலேர்ந்து எட்க்கறேன், ஒருத்தன் ஓடியாறான். ‘தோல் மேளம்லாம் வாணாம்பா, சத்தம் மைக்குல வந்து வுயுது’ன்னு சொல்லி ஆளுக்கு ஒரு தெர்மாகோல் மேளம் குட்த்தான். மேல பிரவுன் பேப்பர் ஒட்டி, ஓரத்துல ஜிகினா. குச்சில தட்னா பொத்து பொத்துங்குது. பாட்டு ட்ராக்குல ஓடும், நாங்கோ சிரிச்சிகினே கைய ஆட்டணும்.

எங்க கூட்டத்துல ஒரு பெர்சு. அறுவத்தஞ்சு வயசு, மரண கானாவுக்கு வாசிச்சே மூணு புள்ளைங்கள கரை ஏத்துனவரு. அவரால ட்ராக்குக்கு கைய ஆட்ட முடில. அடி வுயறதுக்கு ஒரு முடி முன்னாடி இவுரு கூட ஒண்ணு சேத்துப் போடுவாரு, அது ரத்தத்துல ஊறுன பயக்கம். டான்ஸ் மாஸ்டரு மூணு வாட்டி நிறுத்திட்டான். ‘பெரிசு, நீ வாசிக்காத, சும்மா ஆக்ட் குடு’ன்னான்.

விழா முடிஞ்சி வெளில பார்க்கிங்ல நிக்கறோம். சாப்பாட்டு பொட்டலம் வரல. பெர்சு ஒண்ணும் பேசாம பையத் தொறந்து டேப்பை எட்த்தாரு. கீய கெடந்த பேப்பர் நாலு பொறுக்கி கொளுத்தி, தோலுக்கு சூடு காட்னாரு. விரலால சுண்டிப் பாத்தாரு, இன்னும் கொஞ்சம் காட்னாரு. அப்பால அடிச்சாரு பாரு பத்து நிமிசம். வண்டி எட்க்க வந்த ஜனம்லாம் கதவத் தொறந்து வச்சிகினு அப்டியே நின்னுச்சு. போலீஸ்காரரு கூட வாய தொறக்கல.

உள்ள ஆயிரக்கணக்குல ஜனம், வெளில ஒரு முப்பது பேர் இருக்கும். எது விழான்னு நீயே சொல்லு.

---

சவுண்ட் சேகர் பெரம்பூர் · சனி காலை 7.20

தெர்மாகோல் குடுத்தது அநியாயம். தோல்ல துணி சுத்தி சத்தத்தை அமுக்கி இருக்கலாம். அந்த வேலையைச் செஞ்சவனுக்கு மேளம்னா என்னன்னே தெரியலை. ஆனா ட்ராக் ஏன் போடறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். இருபது வருஷமா மேடைக்குப் பின்னாடி நிக்கறவன் நான்.

சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டர்தான் போகும். மைதானத்தோட இந்தக் கோடியில அடிக்கிற அடி நூறு மீட்டர் தள்ளி நிக்கறவன் காதுக்குப் போக 0.3 செகண்ட் ஆகும். நம்ம குத்து வேகத்துல நிமிஷத்துக்கு 140 அடி வச்சுக்கோங்க, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 0.43 செகண்டுதான். அப்ப அவனுக்குக் கேக்கறதே முக்கால் தாளம் தள்ளி. அதைக் கேட்டு அவன் அடிச்சு, அது திரும்ப இங்க வரதுக்குள்ள கூத்தாயிடும். அதனாலதான் எல்லார் காதுலயும் இயர்பீஸ் மாட்டி, தாளத்தை டிக் டிக்னு எண்ணிக் காட்டற கிளிக் ட்ராக் ஓட்டறது.

இதுல நம்ம ஊர், வெளியூர்னு கிடையாது. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்ல சிட்னி சிம்ஃபனிக்காரங்க மேடையில கையை ஆட்டினாங்க, அதுல ஒரு பகுதி வாசிச்சது மெல்போர்ன் ஆர்க்கெஸ்ட்ரா ரெக்கார்டிங். எட்டு வருஷம் கழிச்சுத்தான் வெளிய தெரிஞ்சுது. 2008 பெய்ஜிங்ல சிவப்பு கவுன் போட்ட குழந்தை பாடினதா உலகமே உருகிச்சே, பாடினது வேற குழந்தை. முகம் சரியில்லைன்னு பின்னாடி வச்சுட்டாங்க. 56 இனத்துக் குழந்தைங்கன்னு கொடி தூக்கிட்டு வந்ததுலயும் பெரும்பாலும் அங்க பெரும்பான்மையான ஹான் இனப் பசங்கதான். அதே விழாவுல 2008 பேர் ‘ஃபோ’ மேளம் அடிச்சாங்க பாருங்க, அதை இன்னைக்கும் நான் சத்தமா வச்சுக் கேப்பேன். அது வேற.

அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் 2012 லண்டன். ஆயிரம் பேர் கிட்ட மேளம். தலைமை எவலின் கிளென்னி, சின்ன வயசுலயே காது கேட்காம போன அம்மா. செருப்பில்லாம நின்னு கால் வழியா அதிர்வை வாங்கி வாசிக்கறவங்க. அவங்க பின்னாடி இருந்த தன்னார்வலர்கள் கையில இருந்தது எது தெரியுமா? வீட்டு பக்கெட்டு, குப்பைத் தொட்டி. அதைக் கவுத்துப் போட்டு அடிச்சாங்க. தரையிலேர்ந்து ஆலைப் புகைபோக்கி எழும்புது, இவங்க அடிக்கிறாங்க. சினிமா டைரக்டர் டேனி பாயில் பண்ணினது. தொழிற்புரட்சின்னா அந்தச் சத்தம்தான்னு மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு.

---

கொருக்குப்பேட்டை டேப்பு · சனி காலை 7.41

பக்கெட்டா? அதுக்கு லண்டனு ஏன் போவணும். எங்க தெருல பெயின்ட் டப்பா இல்லாம கச்சேரியே கெடியாது.

சேகரண்ணே, கிளிக் இருக்கட்டும். ஆனா கானா பாடறவன் எதிர்ல செத்தவன் மூஞ்சியப் பாத்துதான் அட்த்த வரிய புடிப்பான். சம்சாரம் அய்யுதுன்னா பாட்டு நீளும். மச்சான் குட்ச்சிட்டு வந்து சலம்புனான்னா அவன் பேரும் பாட்ல வந்துரும். அத எந்த கிளிக்குல ஏத்துவ?

---

ஓட்டேரி ஐ.சி.எஃப். ரிட்டயர்ட் · சனி காலை 9.15

பாஸ்கர் தம்பி, தலைப்பில் பியானோவைக் காளைக்கு எதிரில் நிறுத்தியது சரியில்லை. பியானோ நமக்கு அந்நியமா? பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கிறிஸ்துமஸ் சமயம் ஆங்கிலோ இந்தியர்கள் ஆடிய ஆட்டத்துக்குப் பியானோ வாசித்தவர்களில் எங்கள் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவரும் உண்டு. பகலில் போகியின் அடியில் படுத்துக் கிடப்பார், ராத்திரி கோட் போட்டு பியானோ. அவர் விரல் நகத்தில் கிரீஸ் இருக்கும். வடசென்னை இசை என்றால் கானா ஒன்றுதான் என்று நாமே சுருக்கிக்கொள்ளக் கூடாது.

நான் பார்த்த முதல் பெரிய விழா 1982 ஆசியாட். நவம்பர் 19. பக்கத்து வீட்டில் புது டயனோரா கலர் டிவி, தெருவே அங்கேதான். ரவிசங்கர் இசையமைத்த வரவேற்புப் பாட்டு. அப்பு யானைச் சின்னம். விழாவுக்குக் கேரளத்திலிருந்து யானைகளை ரயிலேற்றி டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். எங்களுக்கு ரயில்தானே உலகம், அந்த யானைகளுக்கு வழியில் தண்ணீர் எங்கே காட்டியிருப்பார்கள் என்று கேன்டீனில் ஒரு வாரம் பேசினோம்.

இன்னொன்று. ஒலிம்பிக்ஸ் விழாவில் பாதி நமக்குச் சொந்தமில்லை. கிரேக்கம் முதலில் வரும், நடத்துகிற நாடு கடைசியில் வரும். நாட்டுத் தலைவர் சொல்ல வேண்டிய திறப்பு வாக்கியம் எழுதிவைத்தது, சொந்தமாக ஒரு வார்த்தை கூட்ட முடியாது. ஒலிம்பிக் கீதம் 1896 ஏதென்ஸுக்காக எழுதியது. மிச்சமிருக்கிற நேரத்தில்தான் நம் வித்தை. அதில் 5000 வருஷத்தையும் அடைக்கப் பார்த்தால் ஸ்ரீராம் சொன்ன துணிக்கடை ஜன்னல்தான் வரும்.

---

புளியந்தோப்பு பாஸ்கர் · சனி காலை 9.40

ஐயா, தலைப்பு பத்தி சொன்னது வாஸ்தவம். தம்பி லிடியனையும் குறை சொல்லலை. மாத்த முடியுமான்னு பாத்தேன், இங்க தலைப்பை மாத்த ஆப்ஷன் இல்ல. கிரீஸ் நகம் பியானோக்காரர் கதையை மேடையில காட்டியிருந்தா நானே எழுந்து நின்னிருப்பேன்.

---

லாச்சப்பல் குகன் · சனி மதியம் 1.58

வணக்கம். நான் பரிசில இருக்கிறன், வேலை லாச்சப்பலில, வீடு ஓல்னேயில. பாட்டுக்காரி அயா நகமுரா வளர்ந்த ஊர் அதுதான். மாலியில பிறந்த பிள்ளை, எங்கட புறநகர் அடுக்குமாடியில வளர்ந்தது. அவவின்ர பாட்டில வாற பிரெஞ்சை வாத்திமார் பிரெஞ்செண்டே ஏற்க மாட்டினம். அரபு, பம்பரா, தெருப்பேச்சு எல்லாம் கலந்திருக்கும். 2024 ஒலிம்பிக்ஸுக்கு அவ பாடப்போறா எண்டு கதை வந்த உடன ‘இது பரிஸ், பமாக்கோ சந்தை இல்லை’ எண்டு, அவ பிறந்த மாலியின்ர தலைநகரை இழுத்து, பதாகை பிடிச்சாங்கள்.

ஜூலை 26, தொடக்க விழா ஆத்தில. ஊத்து ஊத்தெண்டு மழை. நான் ஆத்தங்கரையில பிளாஸ்ரிக் கோட்டோட நிண்டனான், ஒண்டும் வடிவாத் தெரியேல்லை, உண்மையைச் சொன்னால் வீட்டை வந்து ரீவியிலதான் பாத்தனான். தங்கச் சட்டையோட அவ வெளிக்கிட்டு வாறது எந்தக் கட்டடத்துக்குள்ள இருந்து எண்டு நினைக்கிறியள்? பிரெஞ்சு அகாடமி இருக்கிற அதே கட்டடம். மொழியில எது சரி, எது பிழை எண்டு 1635 இல இருந்து தீர்ப்புச் சொல்லுற சபை. அதின்ர வாசலால வந்து, பாலத்தில ஏறி, தெருப்பேச்சுப் பாட்டோட அஸ்னவூரின்ர பழைய பாட்டையும் சேத்துப் பாடினவ. எதிரில குடியரசுக் காவல்படை வாத்தியக்காரர், முழு யூனிஃபோம். அவை முதலில விறைச்சு நிண்டவை, பிறகு அவவைச் சுத்தி நிண்டு ஆடினவை. என்ர மகள் கதிரையில ஏறி நிண்டிட்டாள்.

கானாவும் அப்பிடி ஒரு வாசலால வரவேணும், அண்ணை. ஓரத்தில ‘நாட்டுப்புறக் கலை’ எண்டு ஒரு பெட்டிக்குள்ள வரக்கூடாது.

---

எருக்கஞ்சேரி எழில் · சனி மதியம் 2.10

குகன் அண்ணா, செம. நம்ம ஊருக்கு அந்த வாசல் எது? டிசம்பர் மாசம் மியூசிக் அகாடமி வாசல்லேர்ந்து டோலக்கோட வெளிய வந்தா?

---

மந்தைவெளி ஸ்ரீராம் · சனி மதியம் 2.26

வரட்டும். நான் கதவைத் திறந்து விடறேன். கேன்டீன்ல காபியும் வாங்கித் தரேன்.

---

நெறியாளர் · சனி மதியம் 3.00

சாதியைச் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மறுபடி வந்தால் இழையைப் பூட்டிவிடுவேன்.

---

தண்டையார்பேட்டை தேவி · சனி மாலை 5.35

ரெண்டு நாளா வாசிச்சுக்கிட்டே இருந்தேன். டீச்சர் புத்தி, எல்லாரும் பேசி முடிக்கட்டும்னு.

எழில், நீ காலைல நாலரைக்கு எழுந்து பாத்த அந்த ரியோ. மேடையில ஃபவேலா வீடு அடுக்கினாங்க, சரி. அதே ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி விலா ஆட்டோட்ரோமோன்னு ஒரு ஃபவேலா இருந்துச்சு. போட்டிக்காக அதுல பெரும்பாலான வீட்டை இடிச்சுட்டாங்க. ஆட்டம் வேணும், ஆடறவன் வீடு வேணாம். 2010 டெல்லி காமன்வெல்த்ல இன்னும் வெளிப்படை. உள்ள இந்தியாவோட தாளம்னு ஊர் ஊரா மேளம். வெளிய வெளிநாட்டுக்காரங்க போற ரோட்டுல குடிசைங்க தெரியக்கூடாதுன்னு தட்டி கட்டி, மேல போட்டி விளம்பரம் ஒட்டினாங்க. நம்ம ஆளுங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வண்டியேத்தினது விளையாட்டு விழாவுக்காக இல்ல, ஆனா ரூட்டு ஒண்ணுதான். அதனால கானா உலக மேடைக்குப் போகணும்னு சொன்னா என் முதல் கேள்வி, பாடறவன் ராத்திரி எந்த வீட்டுக்குத் திரும்புவான்?

அடுத்தது பாஸ்கருக்கு. பின்னி மில் கதையை மேடையேத்தலாம்னு சொல்றீங்க. எந்தக் கதையை? 1918 சங்கம் வரைக்கும் சுலபம், கொடி ஏத்தி முடிச்சிடலாம். 1921ஐ என்ன பண்ணுவீங்க? அந்த வருஷம் ஸ்ட்ரைக். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் நிறைய பேர் வேலைக்குத் திரும்பினாங்க. நாள் கூலி நின்னா அடுத்த வேளை கஞ்சி இல்லாதவங்க, அதோட சங்கத்துல தங்களுக்கு என்ன மரியாதைன்னும் தெரிஞ்சவங்க. அதுக்கப்புறம் புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது. ஆகஸ்டுல துப்பாக்கிச்சூடு. தொழிலாளியும் தொழிலாளியும் எதிர் எதிரா நின்ன கதை இது. எரிஞ்சதுல எங்க கொள்ளுத்தாத்தா குடிசையும் ஒண்ணுன்னு எங்க ஆயா சொல்லும். கிராட்லி ஹீத்துக்காரங்களுக்கு எதிரி யாருன்னு தெளிவு, அதனால காளை நல்லா நடந்துச்சு. நம்ம காளை பாதி தூரம் வந்து நின்னு, எந்தப் பக்கம் போறதுன்னு திரும்பிப் பாக்கும்.

---

புளியந்தோப்பு பாஸ்கர் · சனி மாலை 6.02

அக்கா, நான் புளியந்தோப்புலயே பொறந்து வளந்தவன். சங்கம் தெரியும். குடிசை எரிஞ்சதை எனக்கு யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்துலயும் நான் படிச்சதா ஞாபகம் இல்ல.

---

ஓட்டேரி ஐ.சி.எஃப். ரிட்டயர்ட் · சனி மாலை 6.30

எங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். தேவி அம்மா சொன்னதைப் படித்த பிறகு அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

---

சவுண்ட் சேகர் பெரம்பூர் · சனி இரவு 8.14

மேடேம் சொன்னதைப் படிச்சதும் சிட்னி இன்னொரு தடவை ஞாபகம் வருது. தொடக்க விழாவுல ஆதிக்குடிகளோட நடனத்தை ரொம்ப மரியாதையா, நீளமா காட்டினாங்க. அந்தக் குடியைச் சேர்ந்த ஓட்டப்பந்தய வீராங்கனை கேத்தி ஃப்ரீமன் தீபம் ஏத்தினாங்க. ஆனா அந்தக் குடிகள்கிட்ட பிரதமர் மன்னிப்புக் கேட்க மறுத்துக்கிட்டிருந்த காலம் அது. நிறைவு விழாவுல மிட்நைட் ஆயில்னு ஒரு ராக் குழு, கறுப்பு சட்டை பேன்ட் பூரா ‘மன்னிச்சிடுங்க’ன்னு வெள்ளை எழுத்துல எழுதிப் போட்டுக்கிட்டு ஏறிட்டாங்க. பிரதமர் அங்கயே உக்காந்திருந்தார். திரும்பிப் பாக்கிற காளையையும் மேடையேத்த முடியும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா அது ஒத்திகையில இருக்காது. கடைசி நேரத்துல சட்டையில எழுதிட்டு வரணும்.

---

மந்தைவெளி ஸ்ரீராம் · சனி இரவு 8.50

அகமதாபாத்ல நமக்கு என்ன கிடைக்கும்னு இப்பவே சொல்லிடறேன். கோபுரம் கட்-அவுட் ஒண்ணு, பரதநாட்டியம் நாப்பது பேர், கூட ஏதாவது குத்துப் பாட்டுல நாலு வரி. 2006 மெல்போர்ன் காமன்வெல்த் நிறைவு விழாவுல, அடுத்த போட்டியை நடத்தப்போற டெல்லிக்காரங்க தங்களை அறிமுகப்படுத்திக்கிட்டது பாலிவுட் ஆட்டத்துல. அந்த பாதை ரொம்ப அகலம், எல்லாரும் அதுலதான் போவாங்க.

---

எருக்கஞ்சேரி எழில் · சனி இரவு 9.03

2011 உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கு டாக்காவுல எல்லா கேப்டனையும் சைக்கிள் ரிக்‌ஷாவுல ஏத்திக் கூட்டிட்டு வந்தாங்க. பெயின்ட் அடிச்ச ரிக்‌ஷா, பூ போட்டு. அந்த ஊர்னா ரிக்‌ஷா, முடிஞ்சுது. வரலாறும் இல்ல கமல் குரலும் இல்ல. எனக்கு அது பிடிச்சுது. நம்ம ஊர் கேப்டன்களை மீன் ஏத்துற குட்டியானையில ஏத்திக் காசிமேட்டுலேர்ந்து கூட்டிட்டு வரலாம்.

---

கொருக்குப்பேட்டை டேப்பு · சனி இரவு 10.20

தேவிக்கா, ஒண்ணு கேக்கட்டா. உங்க தாத்தாவும் மில்லுதானா?

---

தண்டையார்பேட்டை தேவி · சனி இரவு 10.44

ஆமா தம்பி. கொள்ளுத்தாத்தா, தாத்தா ரெண்டு பேருமே. தாத்தாவோட பித்தளை டோக்கன் இன்னும் என் பீரோல இருக்கு. நாலணா அளவு, மேல ஓட்டை, நம்பர் தேஞ்சு போச்சு. கடைசி எண் 7ன்னு மட்டும் விரலால தடவினா தெரியும். விடியக்காலைல மில்லு சங்கு ஊதினா எழுந்துக்குவாராம். மில்லை விட்டு நின்ன பிறகும் அந்த நேரத்துக்கு எழுந்து திண்ணையில குந்திக்குவாரு. சங்கு ஊதாத அன்னைக்கும் எழுவாரு. அவர் போனப்ப ஊர்வலத்துல சங்கு ஊதினாங்க. அப்ப எங்க ஆயா, ‘யோவ், சங்கு ஊதிட்டான், எழுந்து வேலைக்குப் போய்யா’ன்னு கத்திச்சு. நான் அஞ்சாவது படிச்சேன். எனக்கு அந்தக் குரல் போகவே இல்ல.

---

கொருக்குப்பேட்டை டேப்பு · சனி இரவு 11.57

அக்கா, தப்பா நெனிக்காத. உன் ஆயா சொன்னத படிச்சதுலேர்ந்து கை சும்மா இல்ல. பெயின்ட் டப்பால தட்டிகினே ரெண்டு வரி வந்துச்சு.

*சங்கு ஊதுற சத்தத்துக்கு எய்ந்தவரு என் தாத்தா*
*சங்கு ஊதி சொமந்து போறோம், எய்ந்துக்கல ஆத்தா*

---

தண்டையார்பேட்டை தேவி · ஞாயிறு காலை 6.05

இப்பதான் பாத்தேன். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னாங்க.

டோக்கன் பாட்டுல வருமா தம்பி?

---

கொருக்குப்பேட்டை டேப்பு · ஞாயிறு காலை 6.31

அதத்தான்கா தேடிகினு கீறேன். ஏயாம் நம்பரு எங்கியோ வந்து குந்தணும், மூணாவது வரி மாட்ட மாட்டேங்குது. இப்போ மூலக்கொத்தளத்துல ஒரு காரியம், டேப்பு எட்த்துகினு கெளம்பிட்டேன். மயை வர்ற மாதிரி கீது, தோலு தொவண்டு போச்சு, போய் மொதல்ல சூடு காட்டணும். அங்க அடிக்க சொல்லோ வந்தாலும் வரும்.